பஞ்சாரம்: கோழி அடையும் வீட்டின் பெயர்கள்

மூங்கிலைப் பிளந்து சிம்புகளாக்கி, கண் கண்ணாக இடைவெளி விட்டு, மேலே குறுகி அடியில் விரியப் பின்னி, அடிப்பக்கம் வைக்காமலே முடித்துவிடும் ஒரு கூடைக்குத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பஞ்சாரம் என்று பெயர். மற்றக் கூடைகள் எதையேனும் உள்ளே இட்டுச் சுமப்பதற்கு. பஞ்சாரமோ கவிழ்ப்பதற்கென்றே பிறந்தது. பொரித்த குஞ்சுகளைப் பருந்தும் காக்கையும் தூக்கிவிடாதபடி தாய்க்கோழியோடு சேர்த்து முற்றத்தில் இதனடியில் விட்டு, உச்சியில் ஒரு கல்லையும் ஏற்றிவிட்டால், வீட்டார் நிம்மதியாகக் களையெடுக்கப் போகலாம். மூங்கில் கிடைக்காத ஊர்களில் புளிய விளாரும் நொச்சி விளாரும் மூங்கிலின் வேலையைச் செய்தன; இப்போது சரக்குச் சிப்பங்களைக் கட்டி வரும் பிளாஸ்டிக் நாடாவை அறுத்தெடுத்துப் பின்னிய பஞ்சாரங்களும் வந்துவிட்டன. பின்னும் பொருள் இத்தனை மாறியும் பெயர் அசையவில்லை. அந்த அசையாமைதான் என்னை இந்தச் சொல்லின் பக்கம் இழுத்தது.

பஞ்சாரம் தமிழ் வேரில் முளைத்ததன்று. வடமொழியின் பஞ்ஜரத்திலிருந்து பஞ்சரம் ஆகி, அதிலிருந்து பஞ்சாரம் ஆயிற்று. ஆனால் வந்த விதம் அழகானது. ஞகர ஒற்றை அடுத்து வரும் சகரம் தமிழ் வாயில் தானாகவே மெலிந்து ஒலிக்கும். பஞ்சு, நெஞ்சு, மஞ்சள் என்று சொல்லிப் பாருங்கள். ஆகவே வேற்றெழுத்து எதனையும் கடன் வாங்காமலே, ஒலியில் ஒரு துளியும் சிந்தாமல், பஞ்ஜரம் நம் நெடுங்கணக்குக்குள் நுழைந்துகொண்டது. ஏட்டுத் தமிழ் அதைப் பஞ்சரம் என்றே வைத்துக் கிளியை அதில் அமர்த்தியது. கிளிப்பஞ்சரம் என்றால் அரண்மனை வாடை அடிக்கும். கோழியை அடைத்த உழவரின் வாயிலோ அதன் நடு உயிர் நீண்டது. ஏன் நீண்டது? என் எண்ணம் இது: கொட்டாரம், பண்டாரம், கூடாரம், தாழ்வாரம் என்று இடத்தையும் இருப்பையும் குறிக்கும் சொற்கள் பல ‘ஆரம்’ என்ற ஒலியில் முடிந்து பழகிய காது, பஞ்சரத்தையும் அந்த வரிசையில் நிறுத்தியிருக்க வேண்டும். அவற்றின் ஈறுகள் வெவ்வேறு வழியில் வந்தவை. தாழ்வாரம் தாழ்ந்த வாரம். பண்டாரத்திலும் கொட்டாரத்திலும் மறைந்திருப்பது வடமொழியின் ‘ஆகாரம்’ என்னும் வீடு. ஆனால் காது பிறப்பைப் பார்ப்பதில்லை, ஒலியைத்தான் பார்க்கும். ஓர் உயிரெழுத்து நீண்டதனால் ஒரு கூண்டு வீடாகிவிட்டது என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு.

பஞ்ஜரத்துக்கு வடமொழியில் இரண்டு பொருள்கள் முதன்மையானவை: ஒன்று கூண்டு, மற்றொன்று எலும்புக்கூடு. விலா எலும்புகள் வளைந்து இறங்கி இடையிடையே வெளி விட்டு நெஞ்சைக் காப்பதைப் பார்த்த கண்ணுக்கு, பறவைக் கூண்டும் அவ்வாறே தோன்றியிருக்கிறது. இதில் வியப்பு என்னவென்றால், அதே இரு பொருளையும் தமிழ் தன் சொந்தச் சொல் ஒன்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது. பறவையின் வீடும் கூடு, எலும்பின் கட்டும் கூடு. இரு மொழிகளும் தனித்தனியே ஒரே காட்சியைக் கண்டு ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன.

அந்தச் சொல் போன ஊர்களையும் பார்ப்போம். பாலி மொழிக் கதைகளில் அரசன் நின்று தெருவை நோக்கும் சாளரம் ‘சீகபஞ்ஜரம்’. இடைவெளிதான் பஞ்சரத்தின் உயிர் என்பதைப் பாலி நன்றாகப் பிடித்துக்கொண்டது. கடல் கடந்து மலாய்க்குப் போனபோது அது ‘பெஞ்சாரா’ ஆயிற்று, பொருள் சிறைச்சாலை. கோலாலம்பூரில் இருந்த பழைய புடுச் சிறையின் மலாய்ப் பெயரில் இருப்பது நம் ஊர்க் கோழிக்கூடையின் உடன்பிறப்புத்தான். மலேசியத் தமிழர் நாவில், கோழிக்கு ஆகாரத்தால் நீண்ட சொல்லும் கைதிக்கு ஆகாரத்தால் நீண்ட சொல்லும் அருகருகே வாழ முடியும்.

அப்படியானால் பஞ்சாரம் சிறையா? துதிப்பாடல்களைக் கேட்டால் அதற்கு நேர்மாறான விடை வரும். விஷ்ணு பஞ்சரம் என்றொரு துதி உண்டு. எட்டுத் திக்கிலும் இறைவனின் படைகளை நிறுத்தி, ஓதுவோனைச் சுற்றி ஒரு காப்புக்கூட்டை எழுப்புவது அதன் நோக்கம். அங்கே பஞ்சரம் என்பது கவசம். தக்காணத்துக் கல்வெட்டுகளில் வீரர்கள் தாங்கிய விருதுகளுள் ஒன்று ‘சரணாகத வஜ்ரபஞ்சரன்’: அடைக்கலம் புகுந்தோருக்கு வயிரக்கூண்டு போன்றவன். உள்ளே இருப்பவர் வெளியேறாதபடி தடுப்பது சிறை. வெளியே இருப்பவர் உள்ளே வராதபடி தடுப்பது காவல். கம்பியும் சிம்பும் இரண்டிலும் ஒன்றே. மலாய் முதற்பொருளை எடுத்துக்கொண்டது. பருந்தின் நிழல் விழும் முற்றத்தில் பஞ்சாரத்தைக் கவிழ்க்கும் நம் ஊர்ப் பெண்ணின் கை, விருது பொறித்த கல்வெட்டின் பக்கம் நிற்கிறது.

இனி, சொல்லன்பரே, உங்களை ஒரு கோயிலின் முன் நிறுத்த விரும்புகிறேன். திராவிட விமானத்தின் தளங்களில் வரிசையாக அமையும் சிற்றுருக் கட்டடங்களை நிமிர்ந்து பாருங்கள். மூலையில் இருப்பது கர்ணகூடம், நடுவில் நீண்டு கிடப்பது சாலை, இரண்டுக்கும் இடையில் ஒடுங்கி நிற்பது பஞ்சரம். பிற்காலச் சோழர் கோயில்களிலும் விசயநகரக் கோயில்களிலும், சுவரின் உள்வாங்கிய இடத்தில் ஒரு குடத்திலிருந்து தூண் எழுந்து, அதன் தலையில் பஞ்சரம் மலர்ந்திருக்கும், அது கும்பபஞ்சரம். வளைந்து வெளியே நீளும் கூரை விளிம்புக்குக் கபோதம் என்று பெயர். கபோதம் என்றால் புறா. அந்தக் கபோதத்தின்மேல் குதிரை லாட வடிவில் செதுக்கியிருக்கும் வளைவுக்குப் பெயர் என்ன? கூடு. மாமல்லபுரத்து ஒற்றைக்கல் கோயில்களில், அந்தக் கூடுகளுக்குள்ளிருந்து மனித முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. புறாவின்மேல் கூடு, கூட்டுக்கு மேலே பஞ்சரம்! சிற்பியின் சொற்கோவையும் கோழி வளர்ப்பவரின் சொற்கோவையும் இவ்வளவு நெருங்கிக் கிடப்பதை ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார். முதலில் மரத்திலும் ஓலையிலும் மூங்கிலிலும் கட்டியதைத்தான் பின்னர்க் கல்லில் பெயர்த்தார்கள் என்று கட்டடக்கலை அறிஞர் சொல்வதை இந்தப் பெயர்களும் வழிமொழிகின்றன.

கூடு என்ற சொல்லுக்கு அகராதி தேடவே வேண்டாம். கூடுதல் என்ற வினையே அதன் உரை. சுள்ளியும் நாரும் இறகும் கூடியது கூடு. பெட்டையும் சேவலும் கூடுவது கூடு. கூடை, கூட்டம், கூட்டு எல்லாம் ஒரே குடும்பம். தேன்கூடும் மார்புக்கூடும் இதிலிருந்தே பிறந்தவை. நாகூரிலும் வேறு தர்காக்களிலும் சந்தனக் குடத்தை ஏந்தி ஒளியுடன் நகரும் சந்தனக்கூடு இந்தக் குடும்பத்தின் மிக அழகான உறுப்பினர். கூட்டின் நடுவில் ஒரு மெல்லொற்று நுழைந்தால் கூண்டு. அந்த ஓர் எழுத்தில் பொருள் எவ்வளவு இறுகிவிடுகிறது! கூட்டைப் பறவை கட்டும். கூண்டை மனிதன் செய்வான். சிங்கத்துக்குக் கூண்டு, நீதிமன்றத்தில் சாட்சிக்குக் கூண்டு. முட்டைக் கோழிகளை அடுக்கடுக்கான கம்பிப் பெட்டிகளில் வைத்து வளர்ப்பது பெருகியபோது, கால்நடைத் துறை நூல்கள் அதைக் கூண்டு முறை என்றன. கூடு முறை என்று ஒருவரும் எழுதவில்லை. பெயரிட்டவர் ஆராய்ந்து இட்டாரோ இல்லையோ, மொழி அவர் கையைப் பிடித்துச் சரியான எழுத்தின்மேல் வைத்தது.

கரிசல் பக்கம் போனால் கொடாப்பு என்பார்கள். ஆட்டுக்குட்டிகளையும் கோழிகளையும் கவிழ்த்து மூடும் பெருங்கூடை அது. எழுத்து வழக்கில் குடாப்பு. முதலசை உகரம் பேச்சில் ஒகரமாவது நமக்குப் புதிதன்று. குடம் கொடமாகும், உடம்பு ஒடம்பாகும், துடைப்பம் தொடப்பமாகும். அவ்வழியே குடாப்பும் கொடாப்பு. குட என்ற அடியில் வளைவு இருக்கிறது: குடம், குடா, குடை. வளைந்ததே உறைவிடமாகும்போது குடில், குடிசை. இந்த இனத்தின் மூத்த பெயர் குடம்பை. வள்ளுவர் நிலையாமை அதிகாரத்தில், உடலைவிட்டு உயிர் நீங்குவதற்குக் குடம்பையைத் தனியே விட்டுப் பறந்துபோகும் பறவையை உவமை சொன்னார். அங்கே குடம்பை கூடா, முட்டையா? பரிமேலழகர் முட்டை என்றே கொண்டார். கூடு பறவையோடு உடன் தோன்றுவதன்று, அதற்குள் பறவை மீண்டும் வந்து புகுவதும் உண்டு, ஆகவே உடம்புக்கு அது உவமையாகாது என்பது அவர் காட்டிய காரணம். ஒரு சொல்லின் பொருளைத் தீர்மானிக்க, உரையாசிரியர் பறவையின் பழக்கத்தைச் சான்றுக்கு அழைத்தார் பாருங்கள்! பறவை திரும்பி வருவதால்தான் அது கூடு. இந்த ஒரு குறிப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் வேண்டியிருக்கும்.

யாழ்ப்பாணத்தில் கரப்பு என்று கேட்கலாம்; மீன் பிடிக்கும் கூடைக்கும் அதே பெயர். கரத்தல் என்றால் மறைத்தல். குஞ்சைப் பருந்தின் கண்ணிலிருந்து கரந்து வைப்பதால் கரப்பு.

பஞ்சாரத்தைப் போலவே கொட்டகையும் இந்தக் கூட்டத்தில் கொஞ்சம் அயலார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி அதை வடமொழிக் கோஷ்டத்தோடு இணைக்கும். கோ என்பது பசு. அது நிற்குமிடம் கோஷ்டம். கொட்டில் என்று நாம் சொல்வதும் முதலில் மாடு கட்டுமிடமே. பசு நின்ற இடத்தில் பின்பு நாடகம் நின்றது, திரைப்படம் நின்றது, இறுதியில் கோழியும் வந்து நின்றது. கோழிக்கொட்டகை என்ற தொடரில் ஒரு பசு வெளியே தெரியாமல் படுத்திருக்கிறது.

இத்தனை பெயர்களையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது ஒன்று புலப்படும். வளைவைச் சொல்லும் பெயர் உண்டு, கூடுவதைச் சொல்லும் பெயர் உண்டு, மறைப்பதையும் நிற்பதையும் இடைவெளியையும் சொல்லும் பெயர்கள் உண்டு. எதனால் செய்தது என்று சொல்லும் பெயர் ஒன்றுகூட இல்லை. மூங்கிலும் ஓலையும் மண்ணும் பெயருக்கு வெளியிலேயே நின்றுவிட்டன. அதனால்தான், காசு போட்டுக் கட்ட இயலாத வீட்டுக்காரர் தம்மிடம் கிடப்பதையெல்லாம் சேர்த்துக் கட்டியதையும் தமிழ் தயங்காமல் கூடு என்றே அழைத்தது. கால் ஒடிந்த கட்டிலின் சட்டம், தக்காளி வந்த பலகைப் பெட்டி, கிழிந்த மீன்வலை, மின்விசிறியின் கம்பிக்கூடை, திருவிழா முடிந்து அவிழ்த்த ஃபிளெக்ஸ் பேனர், தேய்ந்த டயர், பாதியாக அறுத்த நீலப் பீப்பாய் எனப் புறக்கடைக் கூடுகளில் இவையெல்லாம் குடியேறியிருக்கின்றன. பீப்பாய் போர்த்துக்கீசியர் தந்த சொல். மழைக்கு மேலே விரிக்கும் தார்ப்பாய் ஆங்கில டார்பாலினின் மறுபிறவி. தாரும் பாயும் நம்மிடம் முன்பே இருந்ததால், அயற்சொல்லை இரண்டாக மடித்து நம் பொருளிலேயே தைத்துக்கொண்டோம். பழம்பொருளைப் புதுவேலைக்கு வளைக்கும் அதே கை, சொல்லையும் வளைத்திருக்கிறது.

ஆனால் எதை வைத்தும் கட்டலாம் என்பதற்கு, எப்படியும் கட்டலாம் என்பது பொருளன்று. பெயர்கள் கேட்பதைக் கூடு கொடுக்க வேண்டும். பஞ்சரம் இடைவெளி கேட்கிறது: கோழி எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா வெளியேற வழியில்லாத பெட்டியில் பறவைக்குக் கண்ணெரிச்சலும் மூச்சுநோயும் வரும், ஆதலால் சுவரை அடியில் ஓர் அடி, ஒன்றரை அடி மட்டும் அடைத்து, மேலே வலையாக விடுவது வழக்கம். பழைய குளிர்பதனப் பெட்டியின் உடலைக் கோழிக்கு வீடாக்குவோர் பக்கங்களை அறுத்துக் காற்றுவழி விட்டே ஆக வேண்டும். மூடினால் காற்றுப் புகாமலிருக்கவே செய்த பெட்டியன்றோ அது! கரப்பு மறைவு கேட்கிறது: அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை இருந்தால் மரநாயும் கீரியும் உள்ளே வரா, கண் பெரிதானால் பாம்புகூட நுழையும். நீளவாக்கைக் கிழக்கு மேற்காக வைத்தால் வெயில் நேரே உள்ளே பாயாது. தகரக் கூரை கோடையில் கொதிக்கும், மேலே தென்னங்கீற்றோ வைக்கோலோ போட்டுத் தணிக்க வேண்டும். பூச்சிமருந்து வந்த பீப்பாயை எவ்வளவு கழுவினாலும் இதற்கு ஆகாது. உடைந்த கல்நார்த் தகட்டை அறுக்கும்போது எழும் இழைகள் மனித நுரையீரலுக்குக் கேடு, அதைத் தொடாமல் விடுவதே நல்லது. வளர்ந்த நாட்டுக்கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடி என்பது பொதுக்கணக்கு. பத்துக் கோழிக்கு நாலடிக்கு ஐந்தடி போதும்.

இப்போது பரிமேலழகர் தந்த குறிப்புக்கு வருவோம். பறவை மீண்டு வந்து புகுவதே கூடு. இதைத் தமிழ் ஒரே வினையில் இரண்டு வழியாகச் சொல்லும். மாலையில் கோழி அடைகிறது. பின்னர் நாம் கோழியை அடைக்கிறோம். அடைந்தது தன்வினை, அடைத்தது பிறவினை. இடையில் ஒரு மெல்லினமும் ஒரு வல்லினமும்தான் வேறுபாடு. பொழுது சாயும் வேளைக்கே ‘கோழி அடைகிற நேரம்’ என்று நம் ஊர்களில் பெயர். கடிகாரம் பாராமல் கோழியைப் பார்த்து மணி சொன்ன காலத்தின் தொடர் அது. முதல்வினை கோழியுடையது, அடுத்ததுதான் நம்முடையது என்பதைக் கவனியுங்கள். அது அடைந்த பிறகே நாம் அடைக்கிறோம். கூட்டை எவ்வளவு திறமையாகக் கட்டினாலும், வெளிச்சம் குன்றும்போது கோழி தானே வந்து ஏறவில்லையென்றால் அது வெறும் பெட்டி. புதிதாக வாங்கிவந்த கோழிகளைச் சில நாள் வெளியே விடாமல் உள்ளேயே வைத்துத் தீனி போடுவார்கள். அதற்குப் பின் திறந்துவிட்டால், எங்கே மேய்ந்தாலும் இருட்டும் முன் திரும்பிவிடும். அதை ‘கோழி அடையப் பழகிடுச்சு’ என்பார்கள். அடைக்கப் பழகியது கோழிக்காரர், அடையப் பழகியது கோழி. தரையில் படுக்காமல் உயரத்தில் ஏறி உறங்குவது அதன் இயல்பாதலால், குறுக்கே ஒரு கம்போ பழைய கலப்பைத் தடியோ போட்டுவைத்தால் அடைவது எளிதாகும்.

இந்த அடை என்ற சொல்லின் கிளைகள்தான் எத்தனை! முட்டைமேல் இருபத்தொரு நாள் அமர்வது அடைகாத்தல், அமர்ந்திருப்பவள் அடைக்கோழி. அவளை அமர்த்துவது அடைவைத்தல். அதற்குப் பாதியாக அறுத்த டயரும் மணலும் வைக்கோலும் போதும், பானையின் உடைந்த அடிப்பாகமும் போதும். விடாமல் பெய்தால் அடைமழை. புகலிடம் தேடி வந்தவருக்குக் கொடுப்பது அடைக்கலம். வீட்டுக் கூரையில் புகுந்து வாழும் சிட்டுக்குருவிக்குத் தென்பாண்டி நாடு வைத்த பெயர் அடைக்கலாங்குருவி. வஜ்ரபஞ்சரன் என்று கல்லில் வடமொழியில் வெட்டியதை, ஓட்டிடுக்கில் குடியிருக்கும் ஒரு குருவியின் பெயரில் தமிழ் சொல்லியிருக்கிறது. அரசு அறிக்கைகளில் ‘கோழிகளை அடைக்கும் கூடு’ என்று எழுதுகிறார்கள். ‘கோழிகள் அடையும் கூடு’ என்று எழுதினால் ஒற்றெழுத்து ஒன்றுதான் குறையும், ஆனால் கூடு யாருக்காக என்பது அங்கே தெரிந்துவிடும்.

இந்தக் கூடு நிற்குமிடம் புறக்கடை. கால்நடைத் துறையின் புறக்கடைக் கோழி வளர்ப்பு என்ற தொடரால் அந்தப் பழஞ்சொல் மீண்டும் புழக்கத்துக்கு வந்திருப்பது மகிழத்தக்கது. கடை என்றால் வாயில், புறக்கடை பின்வாயில். புழைக்கடை என்பாரும் உளர். புழை என்பது சிறுவாயில், அதுவே பேச்சில் புழக்கடை. விற்பனை நடக்கும் கடையை மட்டுமே அறிந்தவர்கள் புறக்கடையைக் கேட்டு ஊருக்கு வெளியே ஏதோ வாணிகம் என்று எண்ணக்கூடும்.

துறைநூல்கள் ஆக்கிய சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஆழ்கூளம். கொட்டகைத் தரையில் நெல்லுமியோ கடலைத்தோலோ மரத்தூளோ சில அங்குல ஆழத்துக்குப் பரப்பி, அதன்மேல் கோழிகளை விட்டு, அவ்வப்போது கிளறிவிடும் முறைக்கு அந்தப் பெயர். ஆங்கிலத்திலிருந்து வந்த கருத்துத்தான். ஆனால் கூளம் என்ற சொல்லை எடுத்ததில் ஒரு நல்ல காது தெரிகிறது. குப்பைகூளம் என்று இணைமொழியில் இழிந்து கிடந்த சொல் அது; களத்தில் மணியை எடுத்தபின் மிஞ்சும் வைக்கோல் துணுக்குக்கு உரியது. அதை மேலே தூக்கி, ஆழ் என்ற அடையும் கொடுத்துப் பாடப்புத்தகத்தில் அமர்த்தியிருக்கிறார்கள். ஈரம் ஏறிக் கட்டி தட்டினால் அந்தப் பகுதியை அள்ளிவிட்டுப் புதியதைப் போட வேண்டும். காய்ந்து உதிரியாக இருக்கும்வரை நாற்றமும் ஈயும் குறைவு. கோழிகள் கால் நகத்தால் சீய்த்துச் சீய்த்துக் கலக்கிய கூளத்தை, தொகுதி முடிந்ததும் வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டுபோகிறார்கள். கொட்டகை வாசலைத் தாண்டும்வரை அதற்குக் கூளம் என்று பெயர். வரப்பில் இறக்கியதும் கோழியெரு.